புறப்படும்போது குளிர வேண்டும்

கெல்லோ, ஔலு
நவம்பர் 4

ஹெல்கா அக்காவுக்கு,

ஆகஸ்டுக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். போனிலேயே கேட்டிருக்கலாம். உன் குரல் கேட்டால் கத்திவிடுவேனோ என்று பயம். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் சின்னது. பனிக்காலத்தில் சைக்கிள் ஓட்ட ஒரு ஜாக்கெட் வேண்டும். இருபது வருஷமாக வேலையாட்களுக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் இருக்கிறாய். துணியைப் பற்றி நம் வீட்டில் உன்னை விட்டால் யாருக்குத் தெரியும்? என்னிடம் எண்பது யூரோ இருக்கிறது. அதற்கு மேல் புரட்ட முடியாது.

எதற்குச் சைக்கிள் என்று நீ கேட்க மாட்டாய். லைசென்ஸ் போனவனுக்குப் பால் லாரியை யார் தருவார்கள்? இப்போது நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவுகிறேன். காலை ஏழு மணி முதல் மதியம் இரண்டு வரை. இங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். முதல் பஸ் எட்டு மணிக்குத்தான் போய்ச் சேரும்.

இன்று காலை முதல் பனி விழுந்தது. பாதை முழுக்க வெள்ளை, ஒரு காலடித் தடம்கூட இல்லை. டயருக்கு அடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும் கூடவே வந்தது, பக்கத்தில் யாரோ கற்கண்டு கடித்துக்கொண்டே நடந்து வருவதுபோல. வலது பக்கம் கடல். எது கடல், எது வானம் என்று பிரிக்க முடியாத நீலம். ஒரு பத்து நிமிஷம் உன்மேல் இருந்த கோபம் மறந்தே போயிற்று. பிறகு கழுத்து வழியாகக் காற்று உள்ளே இறங்கியது, ஞாபகம் வந்துவிட்டது.

ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் எழுது. வேறெதுவும் வேண்டாம்.

தார்மோ


தம்பெரே
நவம்பர் 9

தார்மோ,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உருளைக்கிழங்கு பாதி வெந்தபடி கிடந்தது. ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் என்கிறாய். சரி, அதை மட்டும் எழுதுகிறேன்.

தடிமனானதை வாங்காதே. எல்லோரும் செய்யும் தப்பு அது. சைக்கிள் மிதிக்கிறவன் உடம்பு அடுப்பு மாதிரி. பத்தாவது நிமிஷம் வேர்க்கும். அந்த வேர்வை வெளியே போக வழியில்லை என்றால் உள்ளே நனைவாய். நின்ற இடத்தில் உறைவாய். மேலே மெல்லியதாக, காற்றுப் புகாத ஒன்று. அடியில் மெல்லிய கம்பளிச் சட்டை. பருத்தியைத் தொடாதே, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடையில் துணியை உதட்டில் வைத்து ஊதிப் பார். நெஞ்சுப் பக்கம் காற்று மறுபுறம் போகக் கூடாது, முதுகுப் பக்கம் கொஞ்சம் போக வேண்டும். அக்குளில் திறந்து மூடும் ஜிப் இருந்தால் நல்லது. போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடிப்பது போலக் கைகளை நீட்டிக் குனிந்து பார். மணிக்கட்டு வெளியே தெரிந்தாலோ இடுப்பு தெரிந்தாலோ வேண்டாம் என்று வைத்துவிடு. வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை முன்னாலும் பின்னாலும் இருக்கட்டும். கறுப்பு நிறம் வேண்டாம்.

வீட்டு வாசலில் நிற்கும்போது உனக்குக் குளிர வேண்டும். அப்படியென்றால் சரியான உடுப்பு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் வழியிலுள்ள பாலம் வருவதற்குள் நனைந்துவிடுவாய்.

காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறாயா? பதில் சொல்ல வேண்டாம். ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் என்று சொன்னாய் அல்லவா.

ஹெல்கா


கெல்லோ
நவம்பர் 17

அக்கா,

வாங்கிவிட்டேன். நீ சொன்னதை வாங்கவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். நீ சொன்ன மாதிரி மெல்லியதாக, அக்குளில் ஜிப் வைத்து, முதுகு நீளமாக ஒன்று இருந்தது. பழுத்த எலுமிச்சை நிறம். போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் குனிந்தேன், எனக்காகவே அளவெடுத்தது போல. விலைச்சீட்டைத் திருப்பினேன். நூற்றி எழுபத்தொன்பது. சத்தமில்லாமல் கழற்றி மாட்டினேன். கடைக்காரர் பெரிய மீசைக்காரர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"எண்பது."

"அப்ப இங்க வாங்க." இழுத்துக்கொண்டு போய் ஒரு மூட்டையைக் காட்டினார். ஜாக்கெட் என்று சொல்ல முடியாது, இறகு மெத்தைக்குக் கை வைத்தது போல. "பாதி விலை. மைனஸ் நாப்பது வரைக்கும் தாங்கும்."

"நான் வடதுருவத்துக்குப் போகல. தட்டு கழுவப் போறேன்."

"எங்க போனா என்ன? குளிர் அட்ரஸ் கேட்டா வருது?"

சிரித்துவிட்டேன். வாங்கியும் விட்டேன். எழுபத்தொன்பது யூரோ. கறுப்பு.

உண்மையைச் சொன்னால், அது தப்பான ஜாக்கெட் என்று கடையிலேயே தெரியும். நீ வேண்டாம் என்றாய், அதனாலேயே கை அதைப் பிடித்துக்கொண்டது. என்னைக் கேட்காமல் என் வாழ்க்கையில் ஒரு முடிவு எடுத்தவள் நீ. ஜாக்கெட்டையாவது நான் முடிவு செய்கிறேன்.

என் லைசென்ஸை நிறுத்தச் சொன்ன அந்த டாக்டருக்குப் போன் செய்வதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். ஒரே ஒரு போன்.

தார்மோ


தம்பெரே
நவம்பர் 22

தார்மோ,

அப்படியா. இனி ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் எழுத என்னால் ஆகாது.

கோடை வீட்டிலிருந்து என் மகளை உன் காரில் கூட்டி வந்தாய். நேர் ரோடு, மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப் போனாய். கார் ரோட்டை விட்டு இறங்கி பார்லி வயலுக்குள் போய் நின்றது. பார்லி அவள் தோள் உயரம் வளர்ந்திருந்தது, மண் ஈரமாக இருந்தது. அதனால் இன்று எனக்கு ஒரு மகளும் ஒரு தம்பியும் இருக்கிறீர்கள். எதிரே ஒரு வண்டி வந்திருந்தால்?

தூங்கியது உன் குற்றம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ராத்திரி உனக்கு மூச்சு அடைபடுகிறது, அதனால் பகலில் கண் சொக்குகிறது என்று டாக்டரே சொன்னார். நோய்க்கு யாரைத் திட்டுவது? ஆனால் அதற்குப் பிறகு நீ செய்தது?

நாலு நாள் வென்லா சரியாகச் சாப்பிடவில்லை. காரில் ஏற மாட்டேன் என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட பிறகு, "மாமா சொல்லக் கூடாதுன்னாரும்மா. சொன்னா மாமாவுக்கு வேல போயிடுமாம்" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள், உன் வேலையை அவளே பறித்துவிட்ட மாதிரி.

ஒன்பது வயசுப் பிள்ளை தலையில் உன் பிழைப்பைத் தூக்கி வைத்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூட்டையைப் போட்டுக்கொண்டு போ. உன் இஷ்டம்.

ஹெல்கா


கெல்லோ
டிசம்பர் 16

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ஒன்று நடந்தது. உன்னிடம் மறைக்கக் கூடாது.

அன்று பள்ளியில் பட்டாணி சூப்பும் அப்பமும். அந்த அண்டாக்களைத் தேய்த்து முடிப்பதற்குள் உடம்பே ஆவியாகிவிடும். இரண்டரைக்குக் கிளம்பினேன். மைனஸ் பத்தொன்பது. சூரியன் போய்விட்டது, ஆனால் இருட்டவும் இல்லை. மரம், வேலி, பாதை எல்லாம் ஒரே மங்கிய நீலம். தண்ணீருக்கு அடியில் ஓட்டிக்கொண்டு போவது போல இருந்தது. மூட்டை ஜாக்கெட்டுக்குள் வேர்வை முதுகில் ஓடியது. பாலம் தாண்டுவதற்குள் தொப்பலாக நனைந்திருந்தேன். நீ சொன்னதேதான். இறகெல்லாம் ஈரத்தில் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது, குளிர் நேராக எலும்பைத் தொட்டது. கை பிரேக்கைப் பிடிக்கவில்லை. ஒரு பஸ் நிறுத்தத்தில் இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நடுக்கம் நின்றுபோயிற்று. இதமாக இருந்தது அக்கா, அதுதான் பயங்கரம். எதிரே இருந்த பனி வெளி மெல்ல மஞ்சளாகிப் பார்லி வயலாயிற்று. காற்றில் அசைந்தது. வென்லா அதற்குள் நடந்து போய்க்கொண்டிருந்தாள். தலை மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. எழுந்து போகலாம், கொஞ்ச நேரம் கழித்துப் போகலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

கன்னத்தில் பளார் என்று ஓர் அறை. கண்ணைத் திறந்தால் பனி தள்ளும் வண்டி ஓட்டும் பெண், என் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்குகிறாள். பிர்க்கோ என்று பெயர். நம் அம்மா வயசு இருக்கும்.

"ஏய்யா! தூங்க வேற எடமே கெடைக்கலையா ஒனக்கு?"

"சும்மாதான் உக்காந்தேன்" என்றேன். நாக்கு குழறியது.

"சும்மா உக்காந்தவன் ஒதடு இப்படித்தான் நீலமா இருக்குமா? எந்திரி. எந்திரிங்கறேன்ல! நீ செத்துக் கெடந்தா நான்தான் தள்ளணும், அது என் வேலையில சேத்தி இல்ல."

வண்டிக்குள் ஏற்றி, அந்த மூட்டையைக் கழற்றி எறிந்து, தன் போர்வையைச் சுற்றிவிட்டாள். தெர்மாஸ் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தாள். எனக்குப் பிடிக்கத் தெம்பில்லை, அவளே பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ கண்ண மூடிக்கிட்டு இருந்தப்ப போயிட்டேன்னே நெனச்சேன்" என்றாள். அவ்வளவு சத்தம் போட்டவள் அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அப்போதுதான் புரிந்தது. வென்லாவும் பக்கத்து இருக்கையிலிருந்து என்னை அப்படித்தான் பார்த்திருப்பாள். கண் மூடிய மாமாவை. அவளை வாயைத் திறக்காதே என்று சொன்னவன் நான். காரணம் எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். ஒன்றும் நிற்காது. தப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. ராத்திரி மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் கொடுத்தார்கள். அக்டோபரிலிருந்து பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும் என்ற வீம்பு. வியாழக்கிழமையிலிருந்து மாட்டிக்கொள்கிறேன். யானைக்குட்டி மாதிரி இருக்கிறேன். நேற்று பகல் முழுக்க ஒரு கொட்டாவி வரவில்லை.

தார்மோ


தம்பெரே
டிசம்பர் 20

என் தார்மோ,

உன் கடிதத்தைத் தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளையில் பிரித்தேன். படித்த பிறகு தையல் மெஷினில் உட்கார முடியவில்லை. மேற்பார்வையாளர் என்ன ஆயிற்று என்று கேட்டார். தம்பி பிழைத்துக்கொண்டான் என்றேன். எப்போது உடம்பு சரியில்லாமல் போனது என்றார்.

நீ ஒன்றை ஒப்புக்கொண்டாய், நானும் ஒன்று சொல்ல வேண்டும். டாக்டருக்குப் போன் செய்ததற்காக வருத்தப்பட மாட்டேன். நாளைக்கும் செய்வேன். ஆனால் அதற்கு முன் உனக்குச் செய்ய எடுத்தேன். பாதி எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். நீ அழுதால் என் மனசு மாறிவிடும் என்று பயம். அதனால் உனக்குத் தெரியாமல் செய்தேன். மூன்றாம் மனுஷன் மூலமாக நீ தெரிந்துகொண்டாய். பால் கம்பெனியில் லாரிச் சாவியை மேஜையில் வைக்கச் சொன்னபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அந்த ஒரு போனை நான் செய்திருக்க வேண்டும்.

சரி, ஜாக்கெட்டுக்கு வருவோம். அந்த மூட்டையை விற்றுவிடு. அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அது அருமையான உடுப்பு. கடல் உறைந்ததும் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க வருவார்களே, அவர்களிடம் கேட்டுப் பார். பிறகு பழைய துணிக் கடைக்குப் போ. சைக்கிள் ஜாக்கெட் கிடைக்காது, பனிச்சறுக்கு ஜாக்கெட் கிடைக்கும். சமவெளியில் சறுக்கி ஓடுகிறவர்களுக்காகத் தைத்தது அது. முன்னால் காற்றைத் தடுக்கும், பின்னால் ஆவியை விடும். முதுகு மட்டும் குட்டையாக இருக்கும். அதை வாங்கி எனக்குத் தபாலில் அனுப்பு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கையில் மிஞ்சுவதை நல்ல கம்பளிச் சட்டைக்குப் போடு. அதில் கஞ்சத்தனம் பார்க்காதே.

அதுவரை பஸ்ஸில் போ. தாமதமானால் ஆகட்டும். இது அக்கா சொல்வது.

ஹெல்கா


கெல்லோ
ஜனவரி 8

அக்கா,

மூட்டை போயிற்று. கடல் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் ஐம்பது யூரோவும் இரண்டு மீனும் கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு அறை வாடகைக்கு விடலாம் போலிருக்கே" என்றார்.

பழைய துணிக் கடையில் மூன்று ஜாக்கெட் இருந்தது. ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து ஊதினேன். கடைக்கார அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"வாய்ல வச்சுப் பாக்க அது என்ன தொத்திறைச்சியா?"

"காத்துப் போகுதான்னு பாக்கறேம்மா. எங்க அக்கா சொல்லியிருக்கா."

"அக்கா சொன்னா எல்லாத்தையும் பண்ணிடுவியோ?"

"பண்ணாம இருந்து பாத்தாச்சு. பட்டது போதும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளே மூன்றாவதை உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து, "இதுல போகல. இத எடுத்துக்க" என்றாள். பன்னிரண்டு யூரோ. ஆரஞ்சு நிறம், ஒரு முழங்கையில் சின்னக் கிழிசல். பார்சலில் வருகிறது.

பார்சலுக்குள் இன்னொரு உறை இருக்கும். வென்லாவுக்கு எழுதியது. ஒட்டவில்லை. முதலில் நீ படி, சரி என்று பட்டால் கொடு. அவளுக்கும் எனக்கும் நடுவில் உனக்குத் தெரியாமல் இனி எதுவும் வேண்டாம்.

பஸ்ஸில்தான் போகிறேன். சமையலறையில் தலைமைச் சமையல்காரி முறைக்கிறாள். ஜன்னல் வழியே அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டே போகிறேன். மரத்துக்கு மரம் பனி பூத்திருக்கிறது. முயல் ஒன்று தினமும் அதே இடத்தில் குறுக்கே ஓடுகிறது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஏதோ பெட்டிக்குள் அடைத்துவைத்த படம் மாதிரி இருக்கிறது. சைக்கிள் இவ்வளவு பிடித்துப்போகும் என்று நினைக்கவில்லை.

தார்மோ


தம்பெரே
ஜனவரி 21

தார்மோ,

ஜாக்கெட் இத்துடன் வருகிறது. முதுகை ஒரு சாண் நீட்டியிருக்கிறேன். மணிக்கட்டில் பின்னல் பட்டி வைத்தேன். அக்குளைப் பிரித்து ஜிப் போட்டேன், வேர்க்கத் தொடங்குவதற்கு முன்பே திற. மின்னும் பட்டை எங்கள் தொழிற்சாலையில் வெட்டிப் போட்ட துண்டுகள். மேற்பார்வையாளரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

உன் உறையை வென்லாவிடம் கொடுத்தேன். நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரைமணி நேரம். நான் வெளியே துணி மடிப்பது போல நின்றுகொண்டிருந்தேன். வந்தாள், முகம் கழுவியிருந்தாள்.

"மாமா இப்பல்லாம் ராத்திரி நல்லாத் தூங்கறாராம்மா?"

"தூங்கறாராம். மூக்குல மெஷின் மாட்டிக்கிட்டு."

"யானை மாதிரியா?"

"யானைக்குட்டி மாதிரி."

கொஞ்சம் யோசித்துவிட்டு, பட்டையை நான் தைக்கிறேன் என்றாள். இடது தோளில் கோணலாக ஓடுகிறதே, அது அவள் தைத்தது. பிரிக்க மனசு வரவில்லை.

இப்போது முக்கியமானது. பள்ளியில் பனிச்சறுக்கு விடுமுறை வாரம் வருகிறது. உன்னிடம் வர வேண்டும் என்கிறாள். தனியாக, ரயிலில். நான் உடனே ஆம் என்று சொல்லவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு வாரம் யோசித்தேன். நேற்று டிக்கெட் எடுத்துவிட்டேன். அவள் சைக்கிளையும் ரயிலில் ஏற்றி அனுப்புகிறேன். யார் வண்டியிலும் அவளை ஏற்றாதே. ராத்திரி என்னைக் கூப்பிடச் சொல். நீயும் பேசு.

ஹெல்கா


கெல்லோ
பிப்ரவரி 28

அக்கா,

தினமும் போனில் பேசிவிட்டோம். ஆனாலும் ஒன்றை எழுதித்தான் சொல்ல வேண்டும். நாளை ரயிலில் அவள் பையில் இந்தக் கடிதம் வரும்.

முதலில் வேறொன்று. செவ்வாய்க்கிழமை டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது, வண்டி ஓட்டலாம் என்று. மெஷினுக்குள் பதிவாகும் தூக்கக் கணக்கைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பால் கம்பெனிக்கு இன்னும் போன் செய்யவில்லை. செய்வேன், இந்த வாரம் வேண்டாம்.

ஜாக்கெட் அருமை. மைனஸ் பதினான்கில் ஓட்டி வந்து கழற்றினால் முதுகு உலர்ந்திருக்கிறது. வாசலில் பல் கிட்டுகிறது, பாலம் வந்ததும் சரியாகிவிடுகிறது.

வென்லா வந்து இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தன் கோணல் கோட்டைத் தடவிப் பார்த்தாள். "மாமா, இப்ப நீங்க முழிச்சிட்டுதான இருக்கீங்க?" என்று கேட்டாள். முழிச்சிட்டுதான் இருக்கேன் என்றேன். நம்பவில்லை. நம்ப வேண்டியதும் இல்லை. உறையில் எழுதியதை நேரிலும் சொன்னேன்: "சொல்லாதேன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ அம்மாகிட்ட சொன்னதுதான் சரி." தலையை ஆட்டினாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

கடல்மேல் பாதை போட்டிருக்கிறார்கள், பனியைத் தள்ளி, இரண்டு பக்கமும் குச்சி நட்டு. முதல் நாள் அங்கே போனோம். கரை பின்னால் கரைந்துபோயிற்று. முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை. சூரியன் பால் கிண்ணத்தில் விழுந்த காசு மாதிரி. எங்கே போகிறோம் என்றே தெரியாது, போய்க்கொண்டே இருந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணை அகல விரித்துக் காட்டினேன். பதினேழு முறை. எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் ஒன்பது முறை. அதற்கு மறுநாள் எண்ணவில்லை, அவள் பாடிக்கொண்டே போனாள், நான் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று கடைசி நாள். தீவு வரை போய்விட்டுத் திரும்பலாம் என்றாள். காற்றே இல்லை. கிளம்பியதும் வேகமாக மிதித்து, ஒரு புள்ளி மாதிரி ஆகிவிட்டாள். நான் கண்ணை விரித்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன், இப்போது திரும்புவாள், இப்போது திரும்புவாள் என்று.

தீவு வந்துவிட்டது அக்கா. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தார்மோ